ஹவில்தாரின் சுண்டுவிரல்

இரவு பதினொன்றரை மணி. கே.ஜி.எப். தங்கச் சுரங்க ஊரில், சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனைத் தாண்டி, தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் குவிந்த சயனைடு மேட்டை ஒட்டியே போகும் ஒற்றைச் சாலை. விளக்குக் கம்பம் நான்கு, எரிவது ஒன்று. மார்கழிப் பனி. அந்தச் சாலையில் ஒரே ஒரு ஆள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான். டயர் பஞ்சர் இல்லை, செயின் கழலவில்லை... ஆனாலும் ஏறி ஓட்டவில்லை. ஓட்டினால் செயின் சத்தத்தில் பின்னால் வருவது காதில் விழாது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கங்கு இன்னும் இரண்டு மணி நேரம் தாங்கும். கல்யாணப் பாத்திரத்துக்குக் காவல் இருக்கிறோம் என்று பெரிய மனிதர்கள் போல ஒப்புக்கொண்டாயிற்று. நாம் கண்ணசந்தால் இந்த மைசூர் மைன்ஸ் கம்பெனி வீட்டு லைனில் அண்டா தானாகவே நடந்து போய்விடும். அதனால்தான் இந்தக் கதையை எடுத்தேன். இதைக் கேட்ட பிறகு யாருக்கும் தூக்கம் வராது.

“இன்னாப்பா இது, கல்யாண வூட்ல போயி பேய்க் கத? ஒன் வாயில நல்ல வார்த்தயே வராதா?” என்று சம்பங்கி அத்தை வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

“வராது அத்த. நல்ல வார்த்த சொன்னா நீ கொறட்ட வுடுவே.”

நடந்தது என் சிநேகிதன் சிரிலின் அக்கா புருஷனுக்கு. பெயர் சின்னப்பா. நான் கண்ணால் பார்க்கவில்லை, சிரில் சொன்னான். சிரில் பொய் சொல்ல மாட்டான். யோக்கியன் என்பதால் அல்ல, அதற்கு வேண்டிய மூளை அவனுக்குக் கிடையாது.

சின்னப்பாவுக்கு ஆர்மரர் வேலை. அதாவது துப்பாக்கிக்கு வைத்தியம் பார்க்கிறவன். மில்லில் உருக்கிய தங்கக் கட்டியை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் போகும், நடுராத்திரி தாண்டித்தான் கிளம்பும். கூடப் போகிற காவல்காரர்களுக்குத் துப்பாக்கி எடுத்துக் கொடுக்க சின்னப்பா அரை மணி முன்னதாகவே ஆயுத அறைக்குப் போய்விட வேண்டும். தனியாக. மேட்டுக்குப் பின்னால் கருங்கல் கட்டடம், இரும்புக் கதவு, ஒரே ஒரு ஜன்னல். உள்ளே நுழைந்தால் துப்பாக்கி எண்ணெயும் கட்டைக்குப் பூசிய ஆளிவிதை எண்ணெயும் சேர்ந்து ஒரு வாசனை வரும். சின்னப்பா வீட்டுக்கு வந்து குளித்தாலும் அது போகாது என்று அவன் பெண்டாட்டி லீலா முகம் சுளிப்பாளாம்.

துப்பாக்கியைப் பற்றி அவனிடம் வாய் கொடுத்தால் கடைசி பஸ் போய்விடும். அவ்வளவு பேசுவான். வெள்ளைக்காரர் காலத்து வாலண்டியர் படை விட்டுப்போன பழைய கார்பைன் இரண்டு மூலையில் கிடக்குமாம். கீழே ஒரு நெம்புகோல். அதை இழுத்தால் வாய் திறக்கும், ஒரு தோட்டா போட்டு ஒரு தடவை சுடலாம், மறுபடி இழுக்க வேண்டும். நீளத் துப்பாக்கியைக் குதிரைமேல் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது என்று குட்டையாக்கியதுதான் கார்பைன். அதற்கு அப்புறம் வந்தது த்ரீ-நாட்-த்ரீ ரைபிள். போல்ட் என்பது தோட்டா அறையைத் திறந்து மூடுகிற இரும்புத் தண்டு. அதைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கி, விசையை அழுத்தினால் ஒரு வெடி. பத்துத் தோட்டா பிடிக்கும். இரண்டு உலக யுத்தத்தையும் அதுதான் பார்த்தது. நம் ஆயுத அறையில் இருந்த ஒன்றின் கழுத்துப் பட்டையில் 1917 என்று கொத்தியிருக்கும். அதைத் தூக்குகிறவனின் அப்பனே அப்போது பால்குடி.

அப்புறம் சீனாக்காரன் சண்டை வந்தது. இழுத்து இழுத்துச் சுட்டுக்கொண்டிருந்தால் ஆகாது என்று ராணுவம் புதுசுக்கு மாறியது, ஒவ்வொரு வெடிக்கும் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற ரைபிளுக்கு. புதுக் கார்பைனும் வந்தது. ராணுவம் கழித்தது போலீசுக்கு வந்தது. போலீஸ் கழித்தது நமக்கு வந்தது. அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற கதைதான். அப்படி அறுபத்தாறாம் வருஷக் கடைசியில் தங்க வேனுக்கென்று இரண்டு ஸ்டென் கார்பைன் வந்து இறங்கியது. பார்த்தால் தண்ணீர்க் குழாய்க்குப் பிடி போட்டது மாதிரி இருக்கும். விசையை அழுத்திப் பிடித்தால் தோட்டா தீரும்வரை நிற்காது.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

த்ரீ-நாட்-த்ரீயில் போல்ட்டைப் பின்னால் இழுத்துத் திறந்து வைத்தால் அது செத்த துப்பாக்கி. குழந்தை கையில் கொடுக்கலாம். ஸ்டென்னில் அப்படியே தலைகீழ். போல்ட் பின்னால் நின்றால் அதுதான் சுடத் தயாராக இருக்கிற நிலை. தோட்டா அறையைத் தொட்டுப் பார்த்தால் காலியாகத்தான் இருக்கும். விசையைத் தொட்டதும் போல்ட் முன்னால் பாயும், பாய்கிற வழியில் மேகஸினிலிருந்து, அதாவது தோட்டா அடைத்த பெட்டியிலிருந்து, தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய் வெடிக்கும். போல்ட்டை மூட வேண்டுமானால் முதலில் மேகஸினைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் விசையைத் தொட வேண்டும். பழைய ரைபிள்காரனுக்கு மேகஸின் என்பது உடம்போடு ஒட்டிய உறுப்பு. அதைக் கழற்று என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

காவலுக்குத் தலைவர் ஹவில்தார் பாண்டுரங்கன். முரட்டு ஆள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் முழுக்க த்ரீ-நாட்-த்ரீயோடு குடும்பம் நடத்தியவர். ஷிப்ட் மாறும்போது அவர் வைத்திருந்த ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் வரிசையாக நின்று, போல்ட்டை இழுத்து இழுத்து எல்லாத் தோட்டாவையும் வெளியே தள்ளிவிட்டு, திறந்து வைப்பார்கள். அவர் வரிசையோடு நடந்து வந்து ஒவ்வொரு துப்பாக்கியின் அறைக்குள்ளும் சுண்டுவிரலை விடுவார். கண்ணை நம்பமாட்டார், விரலைத்தான் நம்புவார். விரலை எடுத்துவிட்டு “காலி” என்பார். அடுத்த ஆள். “காலி.” கடைசி ஆள் முடிந்ததும் “க்ளோஸ்!” என்று ஒரு குரல். எல்லா போல்ட்டும் ஒன்றாக மூடும், எல்லா விசையும் ஒன்றாக... டக். தோட்டாத் தூசி, எண்ணெய் எல்லாம் ஏறி அந்தச் சுண்டுவிரல் நகம் எப்போதும் கறுப்பாகவே இருக்கும்.

புது கார்பைன் வந்ததும் மேலே இருந்து சின்னப்பாவுக்கு உத்தரவு. வேனோடு போகிற எட்டு பேருக்கும், ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, அரை மணி நேரம் பாடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். சின்னப்பா ஆறு பேருக்குச் சொன்னான். மீதி இரண்டு பேர். ஒருத்தர் ஹவில்தார். அவருக்குப் போய்ப் பாடம் எடுக்க இவனுக்குக் கூச்சம். கேட்டால் எகிறுவார் என்று பயம். இன்னொருத்தன் துளசிராமன். இருபத்திரண்டு வயது, சேர்ந்து ஆறு மாதம். அவன் வந்த சாயங்காலம் சின்னப்பாவின் கைக்குழந்தை சாராவுக்கு ஞானஸ்நான விருந்து. “நாளைக்கு வாடா” என்று அனுப்பிவிட்டான். அந்தச் சாயங்காலமே ஆபீசிலிருந்து பட்டியல் கேட்டு ஆள் வந்தது. வீட்டில் பிரியாணி ஆறுகிறது. சின்னப்பா எட்டுப் பேருக்கும் சொல்லிக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

நாமும் இப்படிப் போட்டவர்கள்தான். அதனால் அவனை ரொம்பத் திட்டாதீர்கள்.

நான்காவது நாள் ராத்திரி. கார்பைன் எடுக்க வேண்டியவனுக்குக் காய்ச்சல், அவன் இடத்தில் துளசிராமனிடம் கொடுத்து வேனில் அனுப்பினார்கள். போய்விட்டு நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள். விடியாத நேரம், மங்கலான விளக்கு. வரிசை நின்றது. போல்ட்டைத் திறந்தார்கள். துளசிராமனும் கார்பைனின் போல்ட்டைப் பின்னால் இழுத்து மாட்டினான். மேகஸின் அந்தத் துப்பாக்கிக்கு இடது பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கும். ஹவில்தார் வந்தது வலது பக்கம். சுண்டுவிரலை உள்ளே விட்டார். “காலி” என்றார். உண்மைதான், அறை காலியாகத்தான் இருந்தது. வரிசைக்கு முன்னால் போய் நின்று, “க்ளோஸ்!”

மற்றவர்கள் போல்ட்டைத் தள்ளி மூடினார்கள். துளசிராமனுக்கு அதை எப்படி மூடுவது என்று தெரியவில்லை. விசையைத் தொட்டான்.

ஒரு விநாடிகூட இல்லை. நாலு தோட்டா.

ஹவில்தார் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார், அப்புறம் சாய்ந்தார். அவ்வளவுதான்.

துளசிராமனை லாக்கப்பில் அடைத்தார்கள். கேஸ் சாதாரணமாக முடியவில்லை. அதற்கு முந்தின வாரம்தான், பேரலில் மேட்டுத் தூசி இருந்தது என்று ஹவில்தார் அவனை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்திருந்தார். அடி வாங்கியவன், அடித்தவரைச் சுட்டான். “எனக்கு யாரும் சொல்லித் தரலை” என்று அவன் அழுகிறான். சொல்லித் தந்ததாகக் காகிதம் இருக்கிறது, கீழே சின்னப்பாவின் கையெழுத்து இருக்கிறது. தெரிந்தே சுட்டான் என்றால் கொலை. கொலை என்றால் கயிறு. பெங்களூரிலிருந்து ஒரு அதிகாரி வந்து பத்தாம் நாள் விசாரிப்பார் என்றார்கள். பையன் உயிர் அந்த ஒரு காகிதத்தில் தொங்கியது. அது பொய் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தர் செத்துவிட்டார், ஒருத்தன் சொன்னால் யாரும் நம்பவில்லை. மூன்றாவது ஆள் சின்னப்பா.

துளசிராமனின் அம்மா பார்வதம்மா தினம் காலையில் வந்து சின்னப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். சத்தம் போட மாட்டாள், மண்ணை வாரித் தூற்ற மாட்டாள். அவன் வெளியே வந்தால் ஒரே கேள்வி.

“ஏம்பா, எம் புள்ளைக்கு நீ சொல்லிக் குடுத்தியா?”

“கொடுத்தேம்மா” என்பான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

லீலாவுக்கு அவன் முகமே சொல்லிவிட்டது. “நெஜத்த சொல்லிடுங்க. அந்தப் பாவம் நம்ம கொழந்த தலையில வுழ வேணாம்” என்று அழுதாள். “சொன்னா வேல போச்சு. வேல போனா இந்த லைன் வூடும் போச்சு. கைக்கொழந்தய எங்க இஸ்துகினு போவே? பேத்தமங்களா ஏரிக்கா?” என்று கத்தினான்.

எனக்கு இந்த இடத்தில் எப்போதும் கோபம் வரும். அவன்மேல் மட்டும் இல்லை. ஒரு கையெழுத்துக்கு ஒரு வீட்டையே பணயம் வைத்துவிட்ட ஏற்பாட்டின்மேலும் கோபம் வரும். போகட்டும்.

ஹவில்தாரை அடக்கம் செய்த மூன்றாம் நாள் ராத்திரிதான், நான் ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தச் சாலை. அன்றைக்குச் சின்னப்பா சைக்கிளில் ஏறித்தான் போனான். பின்னால் சத்தம். கிரட்... கிரட்... ஆணி அடித்த பூட்ஸ் தார் ரோட்டில் நடக்கிற சத்தம். இவன் பிரேக் பிடித்தான். அதுவும் நின்றது. இவன் மிதித்தான். அதுவும் நடந்தது. ஓடவில்லை... நடந்துதான் வந்தது. ஆனால் சைக்கிளை விட்டு ஒரு அடிகூடப் பின்தங்கவில்லை. திரும்பிப் பார்த்தான். எரிகிற ஒரே கம்பத்தின் கீழ் வெறும் ரோடு, பனி, மேட்டிலிருந்து பறந்து வந்த வெள்ளைத் தூசி.

“நாயிருக்கும்ப்பா” என்றாள் சம்பங்கி அத்தை. குரல் பழைய மாதிரி இல்லை.

“நாய் பூட்ஸ் போட்டுக்குமா அத்த?”

மறுநாள் ராத்திரிதான், நான் முதலில் சொன்ன மாதிரி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஆயுத அறைக்குப் போய்ச் சேர்ந்தான். பூட்டில் சாவியை வைத்தான். உள்ளே சத்தம். கிளிக்... சரக். நின்றது. பிறகு கொஞ்சம் தள்ளி, கிளிக்... சரக். போல்ட் திறக்கிற சத்தம். பதினைந்து வருஷமாகக் கேட்டவன், தவறாக நினைக்க வழியில்லை. கதவுக்கு இந்தப் பக்கமாகவே நின்று கேட்டான். இடது மூலையிலிருந்து வலது மூலைவரை, ஒவ்வொன்றாக. அப்புறம் அமைதி.

திறந்து விளக்கைப் போட்டான். யாரும் இல்லை. ரேக்கில் எல்லா ரைபிளுக்கும் சங்கிலி போட்டது போட்டபடி, பூட்டு பூட்டியபடி. எல்லா போல்ட்டும் திறந்து கிடந்தது. ஒவ்வொன்றின் அறைக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தான். காலையில் இவன் பூசிய எண்ணெய்ப் படலத்தில், ஒரு விரல் அகலத்துக்குத் துடைத்த கோடு.

எல்லாவற்றையும் மூடினான். வெள்ளை நூல் எடுத்து ஒவ்வொரு போல்ட்டையும் விசைக்கூட்டோடு சேர்த்துக் கட்டி, மூன்று முடிச்சு போட்டான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குடித்திருக்கிறான் என்பார்கள்.

அடுத்த ராத்திரி மறுபடி எல்லாம் திறந்து கிடந்தது. நூல் ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. எல்லா நூலும் மேசைமேல் எண்ணெய்த் துணியில் வரிசையாக வைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் மூன்று முடிச்சு. முடிச்சு அவிழாமல் நூல் மட்டும் எப்படிக் கழன்று வந்தது? நீங்களே சொல்லுங்கள், எனக்குத் தெரியவில்லை.

லீவு கேட்டான். விசாரணை முடியும்வரை கிடையாது என்றார்கள். ஒவ்வொரு ராத்திரியும் போனான். தினமும் பூட்ஸ் சத்தம் மேட்டு முனைவரை வந்தது, தினமும் போல்ட் திறந்து கிடந்தது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சிரில் பார்க்கப் போனபோது கன்னம் ஒட்டி, கண் குழிவிழுந்து இருந்தானாம். “இன்னா மாமா, ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டால், “ஒண்ணும் இல்ல, தூக்கம்தான் வரலை” என்றானாம்.

விசாரணைக்கு முந்தின நாள். சாயங்காலம் பெங்களூர் அதிகாரி வந்து பங்களாவில் இறங்கிவிட்டார். இதற்கு முன் கே.ஜி.எப். பக்கமே வராதவர். இங்கே யார் முகமும் அவருக்குத் தெரியாது. காலையில் இரண்டு கார்பைனும் துடைத்து, சாட்சிக்கு வைக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு வேன் இல்லை, வேறு ஆளும் இல்லை. சின்னப்பா மட்டும் போனான். உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தி, உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாளைப் போட்டான். வெளியே இருப்பது வெளியேயே இருக்கட்டும் என்று நினைத்தான் போலிருக்கிறது.

அன்றைக்கு எந்த போல்ட்டும் திறந்திருக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதுவே அவனுக்கு நிம்மதியாக இல்லை.

ஒரு மணி இருக்கும். ராக் பர்ஸ்ட். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கீழே எத்தனையோ ஆயிரம் அடியில் பாறை வெடிக்கும், மேலே நம் வீட்டில் குண்டான் உருளும். அன்றைக்குக் கொஞ்சம் பலமாகவே வந்தது. தரை ஒரு தரம் தூக்கிப் போட்டது. ரேக்கில் சங்கிலி எல்லாம் கலகலவென்று ஆடி, நின்றது. விளக்கு போய்விட்டது.

கும்மிருட்டு. டார்ச் மேசைமேல் இருந்து எங்கேயோ உருண்டுவிட்டது. சின்னப்பா ரேக்கின் வலது கோடியில், சுவரோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தான்.

இடது கோடியில்... கிளிக். சரக்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம், தாழ்ந்த குரலில், “காலி.”

கிரட்... ஒரு அடி. கிளிக். சரக். “காலி.”

சின்னப்பா கதவுப் பக்கம் போக நினைத்தான். கிரட்... அடுத்தது. “காலி.” அவசரமே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக எந்த வேகத்தில் நடந்தாரோ அதே வேகம். துப்பாக்கி எண்ணெய் வாசனை நெருங்கி வந்தது, அதோடு வெடிமருந்து கருகிய வாசனை. பத்து, பதினைந்து, பதினெட்டு... “காலி.” கடைசி ரைபிள். சின்னப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் காதுக்குள்ளேயே சொன்னது மாதிரி கேட்டது. “காலி.”

கிரட்.

இப்போது எதிரில். மூச்சு விடுகிற சத்தம் இல்லை. ஆனால் முன்னால் ஒரு ஆள் நிற்பது தெரிகிறது. குளிர் தெரிகிறது.

சின்னப்பா கத்துவதற்கு வாயைத் திறந்தான்.

வாய்க்குள் ஒரு விரல் நுழைந்தது.

சில்லென்று... ஒல்லியாக... நகம் மேலண்ணத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது. நாக்கில் எண்ணெய்க் கசப்பு. தொண்டைக் குழிவரை போய், அங்கேயே நின்று, தேடியது. இந்தப் பக்கம்... அந்தப் பக்கம். சின்னப்பாவால் கடிக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. அவன் காத்திருந்தான். “காலி” என்று சொல்லிவிட்டால் போதும், விட்டுவிடும் என்று அந்த நேரத்திலும் அவன் மனசு கணக்குப் போட்டது.

அந்த வார்த்தை வரவில்லை.

விரலும் வெளியே வரவில்லை.

அதற்கு மேல் அவனுக்கு நினைவில்லை.

“யேசுவே...” என்றாள் சம்பங்கி அத்தை. அவள் முனீஸ்வரனைக் கும்பிடுகிறவள்.

காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதியபோது சின்னப்பா கண் விழித்தான். தரையில் கிடந்தான். ஜன்னலில் வெளிச்சம். கதவில் இரவு போட்ட தாழ்ப்பாள் அப்படியே இருந்தது. சாவி சட்டைப் பையில் இருந்தது. எழுந்து, தண்ணீரில் முகம் கழுவி, வாய் கொப்பளித்து, இரண்டு கார்பைனையும் துடைத்து வைத்தான். வெளியே பால்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். மில் சத்தம் வழக்கம்போல் கேட்டது. வெயில் பட்டதும் மனுஷனுக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்துவிடுகிறது பாருங்கள், அது வந்தது. தூக்கம் இல்லாமல் மூளை குழம்பிவிட்டது, கனவு, அவ்வளவுதான் என்று முடிவு செய்தான். வீட்டுக்குப் போனான். லீலா சாராவை இடுப்பில் வைத்துக்கொண்டு சட்டையை எடுத்துக் கொடுத்தாள். குழந்தையைப் பார்த்தான். காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதையே சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டான்.

பங்களாவில் பெரிய மேசை. அதிகாரி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைல் பார்த்துக்கொண்டிருந்தார். துளசிராமனை ஒரு ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். பத்து நாளில் பாதியாகிப் போயிருந்தான். வெளியே வராந்தாவில் பார்வதம்மா.

“ஸ்டென் கார்பைனைப் பத்தி இந்தப் பையனுக்கு நீ சொல்லிக் கொடுத்தியா?” அதிகாரி பெங்களூர்த் தமிழில் கேட்டார்.

சின்னப்பா துளசிராமன் பக்கம் பார்க்கவில்லை.

“சொல்லிக் கொடுத்தேன் சார்.”

“மேகஸினைக் கழட்டிட்டுத்தான் விசையைத் தொடணும்னு சொன்னியா?”

“சொன்னேன் சார்.”

துளசிராமன் அழவில்லை. அழுது முடித்துவிட்டவன் மாதிரி நின்றான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு பைலுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

“அப்போ இதை ஏன் எழுதிக் கொடுத்தே?”

சின்னப்பா குனிந்து பார்த்தான். அவன் கையெழுத்து. வரிக்கு வரி அவனுடையது. ‘ஹவில்தார் பாண்டுரங்கனுக்கும் காவலர் துளசிராமனுக்கும் நான் கார்பைனைக் காட்டவே இல்லை. காட்டியதாகப் பொய்க் கையெழுத்துப் போட்டேன். அதை மூடும் முறை பையனுக்குத் தெரியாது. அவன்மேல் குற்றம் இல்லை.’ அடியில் அவன் பெயர், தேதி. தாளின் ஓரத்தில் எண்ணெய்க் கறை.

“இது... எப்ப சார்?”

“என்னய்யா விளையாடறே? நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டி, இதே நாற்காலியில உட்கார்ந்து, என் கண்ணு முன்னாடி எழுதினே. காலையில வந்து பொய் சொல்றே.”

அதிகாரி பேனாவை எடுத்து உத்தரவு எழுதினார். துளசிராமனின் கைவிலங்கை அவிழ்த்துவிட்டார்கள். வெளியே பார்வதம்மா ஒரே ஒரு சத்தம் போட்டாள், அப்புறம் மகனைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சின்னப்பாவுக்கு அன்றைக்கே வேலை போயிற்று. அது போகும் என்று அவனுக்கே தெரியும். அவன் கதவுவரை போய்விட்டான்.

அதிகாரி பின்னாலிருந்து கூப்பிட்டார். குரலில் கோபம் குறைந்திருந்தது.

“இப்ப வாய் பரவாயில்லையா?”

“என்ன சார்?”

“நேத்து வந்ததிலிருந்து போற வரைக்கும் வாயைப் பிளந்துக்கிட்டே இருந்தே. எச்சில் ஒழுகித் தாள்மேல விழுது, அதைக்கூடத் துடைக்கலை. பல் வலியான்னு ரெண்டு தடவை கேட்டேன், நீ பேசவே இல்லை. உன் முகத்துக்குப் பக்கத்துல கையை வெச்சிக்கிட்டு நின்னாரே, அந்த ஹவில்தார்தான் சொன்னார். ‘எழுதி முடிச்சதும் மூடிக்குவான் சார்’னு.”